காலையில் நீரா, மாலையில் கள்!

தென்னம்பாளையைச் சீவிப் பானையைக் கட்டினால், சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்கும்போது அது இனிப்பான நீரா. சில மணி நேரம் வெயிலில் இருந்தால் அதுவே கள்!

நீராவுக்குத் தமிழ்நாட்டில் அனுமதி உண்டு. கள்ளுக்குத் தடை. பல்லடம் வட்டாரத் தென்னை விவசாயிகளின் கவலையெல்லாம் இந்தச் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

மாற்றுவது யார்?

கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். அதன் பெயர் ஈஸ்ட். அது சாற்றில் உள்ள சர்க்கரையைத் தின்கிறது. போதை தரும் ஆல்ககாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. கள் நுரைப்பதும் ரொட்டி மாவு பொங்குவதும் இதனால்தான். இதை 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் விளக்கிக் காட்டினார்.

சாராய ஆலைக்காரர்கள் வேகமாகப் புளிக்கவைக்கும் ஈஸ்டைத் தேடித் தேர்ந்தெடுக்கிறார்கள். தென்னந்தோப்பில் அந்தச் சிரமமே இல்லை. காற்றிலும் பாளையிலும் பழைய பானையிலும் இருந்து அது தானே வந்து சேருகிறது. இங்கே கஷ்டம் அதைத் தடுப்பதில்தான்!

பனிப்பெட்டி

பதநீர் இறக்குவோர் பானைக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் ஈஸ்டின் ஆட்டம் அடங்கிவிடும்.

குளிர்ச்சி இன்னொரு வழி. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இதற்காகவே பனிக்கட்டி வைத்த பெட்டியை உருவாக்கியது. மரத்தில் சொட்டும்போதே சாறு குளிர்ந்துவிடும்.

தென்னை நீராவுக்கு 2017-ம் ஆண்டு தமிழக அரசு வழி திறந்தது. ஆனால் பெட்டி வேண்டும். பனிக்கட்டி வேண்டும். மரமேற ஆள் வேண்டும். விற்கும் வரை குளிர் குறையக்கூடாது. சிறு விவசாயி இத்தனை செலவுக்கு எங்கே போவார்?

கள் என்றால் இந்தச் செலவு இல்லை. "கள்ளை அனுமதியுங்கள்" என்று கொங்கு நாட்டில் குரல் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரு பக்க வாதம்

1987-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. மதுக்கடைகளை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. "பாட்டில் மதுவை விற்கலாம், கள் மட்டும் கூடாதா? பக்கத்துக் கேரளாவில் விற்கிறார்களே!" என்கிறார்கள் விவசாயிகள்.

"கலப்படம் நடந்தால் என்ன செய்வது?" என்பது எதிர்த் தரப்பின் கேள்வி. விசைத்தறியில் இரவு பகலாக உழைத்த கூலி மீண்டும் ஒரு கடைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் தாய்மார்களுக்கு. இரண்டையும் தள்ளிவிட முடியாது.

கொல்வது எது?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த விஷம் மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் திரவம் அது. பானையில் ஈஸ்ட் உண்டாக்கியது அல்ல, பேராசைக்காரர்கள் கலந்தது!

கள்ளுக்கும் இந்த ஆபத்து உண்டு. 2010-ல் கேரளாவின் மலப்புரத்தில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே கள்ளுக்கு அனுமதி இருந்தும் சாவு வந்தது.

கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு தமிழக அரசு சட்டத்தைக் கடுமையாக்கியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை. 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். "வீட்டில் காய்ச்சினால் சுத்தம்" என்று நினைப்பதும் தவறு. அதுவும் குற்றமே.

வழி என்ன?

தடை நீடித்தாலும் நீங்கினாலும் இரண்டு காரியம் கட்டாயம் நடக்க வேண்டும். மெத்தனால் ஒவ்வொரு லிட்டரும் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்க வேண்டும். நீரா இறக்கும் விவசாயிக்குப் பனிப்பெட்டியும் விற்பனை வசதியும் கிடைக்க வேண்டும்.

ஈஸ்ட் தன் வேலையைச் செய்கிறது. மனிதரும் தம் வேலையைச் செய்தால், மரம் வைத்தவர் வீட்டிலும் அடுப்பு எரியும். குடிக்கப் போனவர் வீட்டிலும் அழுகை எழாது.