சிறு புண்ணும் நாட்கூலியும்

ஓசூரையடுத்த தொரப்பள்ளியை, இராஜாஜி 1878 ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் என்னும் அளவில் நம்மிற் பலர் அறிவர். அதனைச் சூழ்ந்த நிலமோ இன்று ஆலைகள் நிறைந்தது. ஆண்டுப் பாரஞ்சுமக்கும் கூலியாள் ஒருவனுக்குக் குடலில் ஒரு பகுதியை அறுத்து நீக்கவேண்டிய நோய் வந்ததெனக் கொள்வோம். வயிற்றை நெடுகக் கீறிச் செய்யும் சிகிச்சையாயின், அவன் பல வாரங்கள் பாரந்தூக்கலாகாது. சிறு துளைகள் வழியே செய்வதாயின் விரைவில் எழுந்து நடமாடுவான். மாதச் சம்பளம் பெறுவார்க்கு இவ்வேறுபாடு ஓய்வைப் பற்றியது. நாட்கூலியார்க்கோ அடுப்பெரிவதைப் பற்றியது. ஆயினும், துளைவழிச் சிகிச்சை செல்வர்க்குரிய சொகுசு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் பிழையென்பதே யான் கூறப்புகுவது.

இம்முறையாற் பித்தப்பையை அகற்றும் சிகிச்சை இந்தியாவில் முதன்முதல் நிகழ்ந்தது 1990 ஆம் ஆண்டில், பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில். செய்தவர் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா. அஃது அரசினர் மருத்துவமனை. இந்நாட்டில் ஏழைகளின் படுக்கையருகே முதலடி வைத்ததைச் செல்வர் வீட்டுப் பிள்ளையென்பது எங்ஙனம் பொருந்தும்?

நிற்க. தடை எங்குளதெனின், கருவியிலுளது. குடலை அறுத்தால் அதனுள்ளிருக்கும் அழுக்கு வயிற்றினுட் சிந்தும். சிந்தின் உயிர்க்கு இறுதி. கருங்கட்டெறும்புகளைக் கடிக்கவிட்டு அவற்றின் தலைகளாற் குடற்கிழிவை மூடும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. நம் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில், எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற சாமர்வெல் துரை ஊசியும் நூலுங்கொண்டு வயிற்றுநோயாளர் பலரைக் காத்தார். பூடபெஸ்ட் நகரத்து ஹியூல்ட்ல் என்பார் 1908 ஆம் ஆண்டிலேயே கம்பித்துண்டுகளால் இரைப்பையை மூடும் பொறியொன்றைக் கையாண்டார். அதன் எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ! இன்றைய ஸ்டேப்ளரோ 12 மில்லிமீட்டர் துளையில் நுழைகின்றது. வெட்டும் கோட்டின் இருபுறத்தும் மும்மூன்று வரிசையாக, ஒன்றன் இடைவெளியை மற்றொன்று மறைக்குமாறு, டைட்டானியக் கம்பிகளைப் பதித்து, நடுவே கத்தியை ஓட்டுகின்றது. கம்பிகள் ஆங்கிலப் 'பி' எழுத்தைப்போல் மடங்குவதால், நுண்ணிய குருதிக்குழாய்கள் நசுங்காது உயிர்த்திருக்கின்றன. (காகிதங் கோக்கும் கருவிக்கும் இதற்கும் ஒரே பெயர் வழங்குவது தமிழ் மாணவனாகிய எனக்குச் சிறிது கூச்சந்தருகின்றது.)

ஆனால் கம்பிப்பேழை ஒருமுறையே பயன்படும். ஒரு சிகிச்சைக்குப் பல பேழைகள் வேண்டியிருத்தலும் உண்டு. விலையோ கூலியாளன் கனவிலும் எட்டாதது. ஆதலின், துளைவழிச் சிகிச்சை அறிந்த மருத்துவர் இருந்தும், வயிறு நெடுகக் கீறப்படுகின்றது.

இக்கருவியை மலிவாகச் செய்தால் தரங்குன்றும் என்பர் சிலர். அவ்வச்சம் வீணன்று. 2011 முதல் 2018 மார்ச்சு வரை இவ்வகைக் கருவிகளைப் பற்றி அமெரிக்க அரசுக்கு 41,000க்கு மேற்பட்ட முறையீடுகள் வந்தன. அவற்றுள் 366 மரணத்தைக் குறித்தவை. விலையுயர்ந்த கருவிகள் மலிந்த நாட்டிலேயே இவ்வாறாயின், விலை தரத்திற்கு உறுதியாகாதென்பதும் விளங்கும். உறுதி தருவது சோதனையே. நம் நாட்டிலும் மருத்துவக் கருவிகளுக்கென 2017 ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பெற்றன. அவற்றைத் தளர்த்துமாறு யான் கூறவில்லை.

கூர்ஜரத்து வாபியில் இக்கருவிகள் செய்யப்படுகின்றன. மயிரிழை பிசகாத கடிகாரச் சக்கரங்களை ஓசூரில் டைட்டன் ஆலைத் தொழிலாளர் பல்லாண்டுகளாகச் செய்துவருகின்றனர். அத்தகைய கைத்திறன் வாய்ந்த ஊர்க்கு இக்கம்பிப்பேழை கைவராததொன்றோ? கிருஷ்ணகிரியில் 2022 ஆம் ஆண்டில் அரசினர் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. அக்கல்லூரியின் சத்திர வைத்தியரும் ஓசூர்ப் பட்டறைகளின் கருவிவினைஞரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு பேழையைப் பிரித்துப்போட்டு ஆராயட்டும். அதற்காம் செலவை அரசினர் ஏற்கட்டும்.