சாயம் வேண்டாம், வைக்கோல் போதும்

ஈஸ்டர் முட்டை என்றதும் நினைவுக்கு வருவது சாயம் பூசிய முட்டைகளும், அவற்றைவிட அதிகமாகச் சாயம் பூசிக்கொண்ட குழந்தைகளும்தான். ஆனால் மத்திய ஐரோப்பாவின் கிராமங்களில் சாயக் கிண்ணத்தின் பக்கமே போகாமல் முட்டையை அலங்கரிக்கும் வழிகள் உண்டு. வைக்கோல், காகிதம், கம்பி என்று வீட்டில் கிடைப்பதே போதும். பொறுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இந்தப் பண்டிகைக்குள் முட்டை நுழைந்ததில் தவக்காலத்துக்கும் பங்கு உண்டு. பழைய நாட்களில் 40 நாள் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினார்கள். கோழிகளுக்கு விரதம் தெரியாதே! ஈஸ்டர் வருவதற்குள் வீட்டில் முட்டைகள் குவிந்துவிடும்.

செக் குடியரசின் மொராவியாவில் ஹனா என்ற வளமான விவசாயப் பகுதி இருக்கிறது. அங்கே பார்லி வைக்கோலை ஊறவைத்து, நீளவாக்கில் பிளந்து, இஸ்திரி போட்டுத் தட்டையாக்குகிறார்கள். பிறகு சின்னச் சின்ன முக்கோணங்களாகவும் சாய்சதுரங்களாகவும் நறுக்கி ஒட்டுகிறார்கள். அடிப்பரப்பு கருமையாக இருக்கவேண்டும் என்று முட்டைக்குச் சாயம் போடுகிறவர்களும் உண்டு. பழுப்பு ஓடுள்ள முட்டை கிடைத்தால் அதுவும் தேவையில்லை, வைக்கோலின் பொன்னிறம் அதிலேயே எடுப்பாகத் தெரியும்.

நறுக்குவது சிறியதாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முட்டை எல்லாப் பக்கமும் வளைந்தது. பெரிய துண்டை ஒட்டினால் சுருக்கம் விழும். போலந்தின் வோவிச் வட்டாரத்துப் பெண்கள் வண்ணக் காகிதத்தில் சேவலும் பூவும் கத்தரித்து முட்டையில் ஒட்டும்போதும் இதே விதிதான். உருவம் சிறியதாக இருக்கவேண்டும், ஓரங்களில் வெட்டு விழவேண்டும். ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும்.

ஸ்லோவாகியாவின் வழி வேறு. அங்கே ஊர் ஊராகச் சுற்றிய கம்பித் தொழிலாளர்கள் விரிசல் விட்ட மண்பானைகளைக் கம்பிவலை பின்னிக் காப்பாற்றினார்கள். அந்தக் கைத்தொழில் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதே பின்னல்தான் முட்டையையும் சுற்றிக்கொள்கிறது.

ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய முட்டையை முதலில் கூடாக்க வேண்டும். ஓட்டைக் கழுவி, இரு முனைகளிலும் ஊசியால் துளையிட்டு, உள்ளே மஞ்சள் கருவைக் குத்திக் கலைத்து, ஒரு துளை வழியே காற்றை ஊதினால் மறு துளை வழியே எல்லாம் வெளியே வந்துவிடும். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். எனவே வாயால் ஊதுவதைவிட ரப்பர் பல்ப் நல்லது. வெளியே வந்ததை வீணாக்க வேண்டாம், உடனே நன்றாக வேகவைத்து ஆம்லெட் போடலாம். கூட்டை அலசிக் காயவைத்த பிறகே அலங்காரம்.

சாப்பிடுவதற்கான முட்டை தனி. போலந்தில் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை கூடையில் வைத்துத் தேவாலயத்தில் ஆசி பெறும் அவித்த முட்டையை, மறுநாள் காலை குடும்பமே பங்கிட்டுச் சாப்பிடுகிறது. அப்படிப்பட்ட முட்டைக்குப் பசையும் கம்பியும் வேண்டாம். கழற்றிவிடக்கூடிய காகிதப் பட்டை ஒன்று போதும். அவித்த முட்டை குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மேஜையில் நாள் முழுக்க அழகு காட்டுகிற வேலையை வைக்கோல் முட்டையிடம் விட்டுவிடலாம்.