கலாசாலை உபகாரச் சம்பளமும் குடியானவரின் நிகர வருமானமும்

நிலமுடையவன் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் எதற்கு என்று கேட்போர் கிராமங்களில் பலர் உண்டு. இதற்கு விடை காண வேண்டுமாயின், அந்நிலம் சாகுபடிச் செலவு போக மிச்சப்படுத்தித் தருவது எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

உயர்தரக் கல்விக்கான சர்க்கார் உதவிகளுள் பெரும்பாலானவை குடும்பத்தின் வருஷ வருமானத்தை அளவுகோலாகக் கொண்டவை. காரைக்கால் திருவேட்டக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், குடும்ப வருமானம் 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் போதனைக் கட்டணம் முழுவதும், 5 லட்சத்துக்கு உட்பட்டால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடியாகின்றன. 2024-ஆம் வருஷம் ஏற்பட்ட பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில், 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்து மாணாக்கர், 10 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு 3 சதவிகித வட்டி மானியம் கோரலாம். சாகுபடி வருமானத்துக்கு வருமான வரி இல்லாமையால், குடியானவரிடம் வரிக் கணக்கு இருப்பதில்லை. எனவே, கிராம நிர்வாக அதிகாரியின் விசாரணையின் பேரில் தாலுகா அலுவலகம் வழங்கும் வருமானச் சான்றே அவருக்கு ஆதாரமாகிறது.

அச்சான்றில் நெல் விற்ற தொகை முழுவதையும் வருமானமாக எழுதிவிடுதல் பெரும் பிழையாகும். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 2,369 என்றும், குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் சேர்ந்த உற்பத்திச் செலவு ரூ. 1,579 என்றும் மத்திய சர்க்காரே கணக்கிட்டிருக்கிறது. அதாவது, விலையில் மூன்றில் இரண்டு பங்கு செலவாகும். இக்கணக்குப்படி 6 லட்சம் ரூபாய்க்கு நெல் விற்றவருக்கு மிஞ்சுவது சுமார் 2 லட்சமே. முதல் தொகையை எழுதினால் அவர் பிள்ளைக்கு மேற்கூறிய தள்ளுபடி இல்லை. இரண்டாவதை எழுதினால் மூன்றில் இரண்டு பங்கு உண்டு.

மேலும், காவிரியின் கடைமடையில் ஒரு வருஷத்து விளைவு மறு வருஷத்துக்கு அளவாகாது. 2023-ஆம் வருஷம் ஜூன் 12-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை, நீர்க் குறைவால் அக்டோபர் 10-லேயே மூடப்பட்டது. ஆகையால், மூன்று வருஷச் சராசரி நிகர வருமானத்தைக் கணக்கிற்கொள்ளும்படி விதி அமைத்தலே நியாயமாகும்.

அமெரிக்க நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. மாணாக்கரின் குடும்பம் கல்விச் செலவில் ஏற்கக்கூடிய பங்கைக் கணக்கிடும் முறையை அந்நாட்டார் 2024-25-ல் மாற்றியபோது, குடும்பப் பண்ணையின் மதிப்பையும் சொத்தாகச் சேர்த்தனர். விவசாயிகள் ஆட்சேபித்தனர். 2025-ல் இயற்றிய சட்டத்தால் 2026-27 முதல் அது மீண்டும் விலக்கப்பட்டது. உழுது பிழைப்பவனுக்கு நிலம் தொழிற்கருவி. அதை விற்றுக் கட்டணம் செலுத்தினால், அடுத்த வருஷத்துக் கட்டணத்துக்கு வழியேது?

இதனால் வருமானத்தைக் குறைத்துச் சொல்லலாம் என்று எவரும் கொள்ளலாகாது. பொய்ச் சான்று, நிலமற்ற கூலிக்காரர் பிள்ளைக்குச் சேர வேண்டியதைப் பறிப்பதாகும். விதை, உரம், கூலி, இயந்திர வாடகை ஆகியவற்றின் ரசீதுகளையும், கொள்முதல் நிலையச் சீட்டுகளையும் குடியானவர் வருஷவாரியாகப் பத்திரப்படுத்த வேண்டும். கிராம உத்தியோகஸ்தர் விற்பனைத் தொகை, செலவு, நிகரம் ஆகிய மூன்றையும் விசாரணைக் குறிப்பில் தனித்தனியே பதிவாராயின், உரியவருக்கு உதவி கிட்டும், அல்லாதவருக்குப் போகாது.