மண்ணுக்குள் கருவூலம்! சாவி யார் கையில்?

மண்ணுக்கு விலை உண்டு, மணலுக்கு விலை உண்டு, அறிவோம். மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் கரிக்கும் விலை உண்டு என்கிறார்கள் இப்போது! கேலிப் பேச்சல்ல தோழர்களே! உழவர்களையும் கரிமச் சந்தைக்குள் கொண்டுவர, 2024 சனவரியில் ஒன்றிய வேளாண் அமைச்சகமே வழிகாட்டு ஏடு ஒன்றை வெளியிட்டது.

என்ன சரக்கு அது? செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுக்கிறது. இலையாக்குகிறது, தண்டாக்குகிறது, வேராக்குகிறது. இலை உதிர்ந்தும் வேர் மடிந்தும் மண்ணிலே மக்காகிறது. அந்த மக்கிலே தங்குவதுதான் கரிமம். ஆண்டுதோறும் உழுது வேர்க்கடலை போடும் புன்செயிலே, கலப்பை கிளறக் கிளற மக்கு கரைந்து, கரி மீண்டும் காற்றோடு போய்விடுகிறது. ஒருமுறை நட்டால் பல்லாண்டு நிற்கும் பயிர் என்றால் உழவு குறைவு, வேர் ஆழம், மண்ணிலே சேமிப்பும் மிகுதி. இங்கிலாந்திலே மிஸ்காந்தஸ் என்ற புல்லை வளர்த்து மின்நிலையத்தில் எரிக்கிறார்கள். மேலே எரிபொருள், கீழே கரிமச் சேமிப்பு! நல்ல கணக்குத்தான். மறுக்கவில்லை.

ஆனால், எந்த நிலத்தில் என்று கேட்க வேண்டும். தேய்ந்து போன புன்செயில் வைத்தால் சேமிப்பு. காட்டை அழித்தோ, புல்வெளியைப் புரட்டியோ வைத்தால், முதல் நாளே மண் தன் கையிருப்பைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். அந்தக் கடனை அடைக்கப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். சேமிப்பும் வளர்ந்துகொண்டே போகாது. சில பத்தாண்டில் மண் நிறைந்துவிடும். நிறைந்ததைக் கலைக்கவோ, ஒரு டிராக்டர் போதும்.

நம் பக்கத்துச் சவுக்கையே பாருங்கள். இரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் வெள்ளையர் காலத்திலேயே தோப்புத் தோப்பாக வளர்த்த மரம் அது. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சிலே பிடித்து வைக்கும் நல்ல மரம். நாம் செய்வதென்ன? மூன்று நான்கு ஆண்டில் வெட்டுகிறோம். உதிர்ந்த சருகைப் பெருக்கி அடுப்புக்கு எடுக்கிறோம். கட்டையையும் வேரையும் தோண்டிக் கரி சுடுகிறோம். மண்ணுக்கு மிச்சம் என்ன? ஏழை விறகுக்குச் சருகு பெருக்குவதைக் குற்றம் சொல்லவில்லை நான். ஆனால் அந்தத் தோப்பைக் காட்டி, 'மண்ணிலே கரிமம் சேர்த்தேன், பணம் கொடு' என்று எவராவது கணக்கு எழுதினால், அது பொய்க் கணக்கு!

கணக்கு என்றால் கணக்குதான், போட்டே பார்ப்போம். ஓர் ஏக்கரில் மேலே உள்ள அரையடி மண்ணின் எடை ஏறத்தாழ 800, 900 டன். அதில் கரிமம் 0.1 விழுக்காடு கூடினால், சேர்ந்தது ஒரு டன்னுக்கும் குறைவு. கரியமில வாயுவாகச் சொன்னால் சுமார் 3 டன். அதுவும் ஓராண்டில் கூடிவிடாது. இந்தச் சிறு வரவிலே தரகருக்கு ஒரு பங்கு, சோதனைக்கு ஒரு பங்கு, சான்றிதழுக்கு ஒரு பங்கு. உழுதவனுக்கு?

காட்டாமணக்குக் கதையை மறந்துவிட்டோமா! 2003-இல் திட்டக்குழுவின் அறிக்கை வந்தது. நாடெங்கும் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரிடலாம், டீசல் பெருகும் என்றார்கள். 2009-இல் கொள்கை வகுத்தார்கள்; 2017-க்குள் 20 விழுக்காடு கலப்பு என்று இலக்கு வைத்தார்கள். தண்ணீரில்லா நிலத்திலும் காய்க்கும் என்று தமிழகத்து உழவரிடம் சொன்னார்கள். நட்டார்கள். சொன்ன விளைச்சல் வரவில்லை. தண்ணீர் விட்டால்தான் காய்த்தது. பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். பிடுங்கிய அன்று, அதன் வேரிலே சேர்ந்த கொஞ்சநஞ்சக் கரியும் போயிற்று.

அந்தத் திட்டங்களிலே அடிக்கடி அடிபட்ட சொல் 'தரிசு'. யார் வைத்த பெயர் அது? ஆடு மேய்க்கிறவனுக்கு அது மேய்ச்சல். நிலமற்றவளுக்கு அது விறகு, கீரை. பட்டா இல்லாதவன் பயன்படுத்தும் நிலத்துக்குப் பெயர் தரிசு! நாற்று நட, களை பறிக்க ஆள் கேட்ட வயலிலே மரத்தை வைத்துவிட்டால், வெட்டுகிற வரை கூலி வேலை ஏது? கரிமப் பணத்தை எண்ணும்போது, போன கூலியையும் எண்ண வேண்டாமா?

காஞ்சிக்கு அருகே ஐயங்கார்குளம். பெரிய குளம், தாதாச்சாரியார் வெட்டுவித்தார் என்பது வரலாறு. பெயர் அவர் மரபுக்கு நிலைத்தது. கூடை கூடையாக மண் சுமந்தவர் பெயர் எங்கே? குளத்துக்கு நடந்தது கரிமத்துக்கும் நடக்கக் கூடாது. ஒப்பந்தம் நிலத்துக்காரர் பெயரில் என்றால், குத்தகைக்கு உழுகிறவன் வியர்வை யார் கணக்கில்? 1969-லேயே குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது நம் மாநிலத்தில். பதிவேட்டில் பெயர் ஏறாதவன், நாளை கரிமப் பட்டியலிலும் ஏறமாட்டான்.

மண்ணிலே கரிமம் சேர்க்கக் கம்பெனிக்காரர் வந்துதான் சொல்லித்தர வேண்டும் என்பதில்லை. கோவையிலே 1909 முதல் நடக்கிறது நிலையான உரச் சோதனை. தொழுவுரம் கண்ட பாத்தியில் கரிமம் கூடுதல், வெறும் பாத்தியில் குறைவு என்று நூறாண்டாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அண்டையிலே உத்திரமேரூர்; பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டிலே ஏரி வாரியம் இருக்கிறது. ஏரியைத் தூர்வாரி, வண்டலை வயலுக்கு அடிப்பது நம் பாட்டன் அறிந்த வித்தை. வண்டலும் மக்குதான், கரிமம்தான்! 2024-இல் அரசு, ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி என்று எளிதாக்கியது. அந்த அனுமதியைக் கேட்டு வாங்குங்கள். தொழுவுரத்தையும் வண்டலையும் போட்டு, வரப்பிலும் தேய்ந்த புன்செயிலும் மரம் வையுங்கள்.

ஒப்பந்தக்காரர் ஊருக்குள் வந்தால், விரட்டவும் வேண்டாம், வெற்றிலை பாக்கு வைக்கவும் வேண்டாம். கிராமசபைக்கு அழையுங்கள். எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? நடுவிலே உழுதால் தண்டம் யாருக்கு? எத்தனை அடி ஆழத்தில் மண் எடுத்துச் சோதித்தீர்கள்? புறம்போக்கு இதில் சேர்ந்திருக்கிறதா? குத்தகைக்காரர் பங்கு எவ்வளவு? பதில்களைத் தமிழிலே எழுதி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.