ஃபுல் ஃபிரேம் வாங்கிவிட்டால் போதுமா?

கேமரா வாங்கலாம் என்று இருக்கிறேன் என யாராவது வாய் திறந்தால் போதும், பதில் தயாராக வந்துவிடுகிறது: "ஒரேயடியா ஃபுல் ஃபிரேமுக்குப் போயிருங்க. லென்ஸ் அப்புறம் ஒவ்வொண்ணா சேத்துக்கலாம்." கடைக்காரர் சொல்கிறார், கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்தவர் சொல்கிறார், யூடியூபில் தினம் யாராவது சொல்கிறார்கள். பிள்ளைகளை எடுக்க வேண்டும், பள்ளி விளையாட்டு விழாவை எடுக்க வேண்டும், வாய்த்தால் வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவைகளையும் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படும் குடும்பம், இந்தப் பேச்சை நம்பி லட்சத்துக்கு மேல் பாடியில் போட்டுவிட்டுக் கூடவே வந்த கிட் லென்ஸோடு நின்றுவிடுகிறது. மூன்று வேலையில் ஒன்றுகூட ஒழுங்காக நடப்பதில்லை. அப்படி அலமாரியில் தூங்கும் கேமராக்களை என் உறவுக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தைச் சேர்க்க அவர்கள் பட்ட பாடும் எனக்குத் தெரியும்.

"பெரிய சென்சார் இருந்தால் வெளிச்சம் குறைந்த இடத்திலும் படம் சுத்தமாக வரும்" என்பது முதல் வாதம். உண்மைதான். எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. நிக்கான், சோனி, ஃபுஜிஃபில்ம் செய்யும் கிராப் சென்சார் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ. பரப்பளவில் பெரியதற்கு 2.3 மடங்குக்குச் சற்று மேல் ஆதாயம். இப்போது லென்ஸுக்கு வருவோம். கிட் லென்ஸை ஜூம் செய்தால் அபர்ச்சர் பெரும்பாலும் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். விலை குறைந்த 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. பிரைம் லென்ஸில் எஃப் 1.8 கிடைக்கும். இரண்டுக்கும் இடையே உள்ளே நுழையும் வெளிச்சத்தில் 9 மடங்குக்கும் அதிகமான வித்தியாசம். ஃபுல் ஃபிரேம் பாடியில் எஃப் 5.6 லென்ஸ் மாட்டியவரையும், கிராப் பாடியில் எஃப் 1.8 மாட்டியவரையும் ஒரே அறையில் நிற்க வைத்து, இருவருக்கும் ஒரே ஷட்டர் ஸ்பீடு கொடுத்தால், சிறிய சென்சார்க்காரருக்குத்தான் மொத்தத்தில் சுமார் 4 மடங்கு வெளிச்சம் சேரும்.

ராத்திரி டியூப் லைட் எரியும் ஹாலில் இரண்டு வயதுப் பிள்ளை ஓடுகிறது. அதை அசையாமல் பிடிக்க நொடியில் 250-ல் ஒரு பங்காவது வேண்டும். எஃப் 1.8-ல் ஐஎஸ்ஓ 1250 போதுமாக இருக்கும் அந்த ஹாலில், எஃப் 5.6-ல் 12,000 வரை ஏற்ற வேண்டியிருக்கும். பிள்ளையின் கன்னத்தில் மணல் தூவியதுபோல் நாய்ஸ் ஏறிவிடும். "ஸ்டெபிலைசேஷன் இருக்கே, ஷட்டரைக் குறைச்சுக்கலாமே" என்பார்கள். அது நம் கை நடுக்கத்தை அடக்கும், பிள்ளையின் ஓட்டத்தை அடக்காது. சுவரில் மாட்டிய காலண்டர் துல்லியமாக இருக்கும், பிள்ளை கலங்கியிருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. எல்லோரும் பரிந்துரைக்கும் 50 மி.மீ. லென்ஸ் கிராப் பாடியில் நம் ஊர் வீடுகளுக்கு இறுக்கம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் பாட்டியும் பேரனும் சேர்ந்து முழுதாக அடங்கமாட்டார்கள். கிராப் பாடி வைத்திருப்பவர் வீட்டுக்கென்று வாங்குவதானால் 35 மி.மீ. பக்கம் போவதே நல்லது.

இரண்டாவது வாதம் விளையாட்டைப் பற்றியது: "நொடிக்கு 20 படம் எடுக்கும் பாடியும் 70-200 லென்ஸும் இருந்தால் எந்த விளையாட்டையும் எடுத்துவிடலாம்." எந்த விளையாட்டு என்றே கேட்காமல் சொல்லப்படும் பதில் இது. ஆண்கள் கபடிக் களம் 13க்கு 10 மீட்டர். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நமக்கும் பாடிப் போகிறவருக்கும் நடுவே ஐந்தாறு மீட்டர்தான் இருக்கும். வீட்டில் இறுக்கமாகத் தெரிந்த அதே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இங்கே பொருத்தமாக வந்து உட்காரும். ஊர்ப்புறத்தில் ராத்திரி ஃபோகஸ் லைட்டுக்குக் கீழே நடக்கும் ஆட்டத்தில் அந்த 1.8 வெளிச்சத்துக்கும் கைகொடுக்கும். கிரிக்கெட்டுக்கு வாருங்கள். எல்லைக்கோட்டில் நின்றால் பிட்ச் 65 மீட்டர் தொலைவில் இருக்கும். ஃபுல் ஃபிரேமில் 200 மி.மீ. வைத்து எடுத்தால் பேட்ஸ்மேன் படத்தின் உயரத்தில் நான்கில் ஒரு பங்குகூட வரமாட்டார். அங்கே 400-க்குக் குறைந்து எதுவும் உதவாது. பகல் வெளிச்சம் இருப்பதால் எஃப் 6.3 கூடப் போதும்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகள் கபடி ஆடுகிறவள். உள்ளரங்கில் நடந்த அவளுடைய ஆட்டம் ஒன்றை எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 20 வீதம் சுட்டுத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படமெங்கும் இருட்டும் வெளிச்சமுமாகக் குறுக்குப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். சாதாரண எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் அந்த மங்கல் எல்லாம் பட்டையாகப் பதிந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, ஃபிளிக்கர் ரிடக்‌ஷனையும் போட்டிருந்தால் வேகம் பாதியாகியிருக்கும், ஆட்டம் கைக்கு வந்திருக்கும். அவள் முதன்முதலாக இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பிய ரெய்டு அது. இன்னொரு முறை வராது.

மூன்றாவது வாதம் காட்டுயிர்ப் படங்களைப் பற்றியது. இங்கே இரண்டு கட்சி. "ஃபுல் ஃபிரேமில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்" என்பது ஒன்று. "கிராப் பாடியில் 300 மி.மீ. மாட்டினால் 450 ஆகிவிடும், ஜூம் சும்மா கிடைக்கிறது" என்பது மற்றொன்று. இரண்டும் பாதி பாதி. லென்ஸ் நீள்வதில்லை. 300 மி.மீ. லென்ஸ் சென்சார்மேல் விழுத்தும் பறவையின் அளவு எந்தப் பாடியிலும் ஒன்றேதான். அந்த அளவுக்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் படத்தை கிராப் அளவுக்கு வெட்டினால் பத்துச் சொச்சம் மெகாபிக்சல் மிஞ்சும். 24 மெகாபிக்சல் கிராப் பாடியோ முழு 24-ஐயும் அதே இடத்தில் வைத்திருக்கிறது. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் வாங்கினால் வெட்டிய பிறகும் 19 மிஞ்சும், ஆனால் அதன் விலையில் ஒரு கிராப் பாடியும் நல்ல டெலி ஜூமும் சேர்ந்தே வாங்கிவிடலாம். தூரத்துப் பறவைதான் குறி என்றால், குடும்பப் பட்ஜெட்டில் கிராப் பாடியே என் தேர்வு.

ஆனாலும் எத்தனை மி.மீ. வாங்கினாலும் தூரம் நம்மை ஜெயிக்கப் பார்க்கும். சிறால் மீன்கொத்தி ஏறத்தாழ 17 செ.மீ. நீளம். 20 மீட்டரில் அது உட்கார்ந்திருந்தால் 500 மி.மீ. லென்ஸில், ஃபுல் ஃபிரேமில், படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்குதான். அசையாமல் உட்கார்ந்து காத்திருந்து, அதுவாக 10 மீட்டர் கிளைக்கு வந்தால், 1000 மி.மீ. லென்ஸ் வாங்கியதற்குச் சமம். கூட்டுக்கு அருகில் மட்டும் இந்த முயற்சி கூடவே கூடாது. வேடந்தாங்கலில் கரையிலிருந்தும் கோபுரத்திலிருந்தும்தான் பார்க்க வேண்டும், நெருங்க வழியில்லை, நெருங்கவும் வேண்டாம். அங்கே காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின்மேல் காற்று அலையும். இரண்டு லட்ச ரூபாய் லென்ஸிலும் கூழைக்கடா நெளிந்துதான் தெரியும்.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கனத்த கேமராவுக்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தார். யானை அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்த கண் அவருடையது. "அப்படியானால் கருவியே முக்கியமில்லை" என்று இதைத் திருப்பிச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தன் வேலைக்கு எது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்ததால்தான் அவர் கடையில் கிடைக்காத ஒன்றைக் கட்டிக்கொண்டார்.

மெகாபிக்சல் பேச்சைச் சுருக்கமாக முடிக்கலாம். கல்யாண ஆல்பத்தில் 12க்கு 18 அங்குலப் பக்கத்தை நிரப்ப, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 19.4 மெகாபிக்சல் போதும். வீட்டில் அதைவிடப் பெரிதாக எத்தனை படம் அச்சிடுகிறோம்?

எடையை யாரும் பேசுவதில்லை. கேனானின் 100-400 ஆர்எஃப் லென்ஸ் 635 கிராம். சோனியின் 200-600 இரண்டு கிலோவைத் தாண்டும். முதலாவது வெளிச்சம் குறைவாக வாங்கும், ஆனால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டும் தோளில் போட்டு நடக்கலாம். வனத்துறை வண்டியில் டிரைபாடு விரிக்க இடமிருக்காது. பயறு நிரப்பிய துணிப்பை ஒன்றை ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸைச் சாய்த்தால் கனமும் தெரியாது, ஆட்டமும் இருக்காது.

படமெடுப்பதே பிழைப்பு என்றால், உள்ளரங்கிலும் இரவிலும் கூலிக்கு எடுக்க வேண்டும் என்றால், ஃபுல் ஃபிரேம் வாங்குங்கள், எஃப் 2.8 லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொண்டு. மற்றவர்கள் போன வருடம் போனில் எடுத்த படங்களைப் புரட்டுங்கள். எத்தனை வீட்டுக்குள், எத்தனை மைதானத்தில், எத்தனை மரத்தடியில் என்று எண்ணுங்கள். எது அதிகமோ அதற்கான லென்ஸை முதலில் முடிவு செய்யுங்கள், அது பொருந்தும் பாடியைப் பிறகு தேடுங்கள். பாடிக்கு நாலைந்து வருடத்தில் விலை போய்விடும். லென்ஸ் அப்படியல்ல. 1987-ல் வந்த கேனான் ஈஎஃப் லென்ஸ்கள் இன்றைய ஆர்எஃப் பாடிகளிலும் அடாப்டர் மூலம் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்கின்றன. நிக்கானில் கவனம் தேவை. உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸ் கிடைக்காது. செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் பாடியையும் அடாப்டரையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி, வாசலில் போகிற ஸ்கூட்டர்களை நாலு முறை ஃபோகஸ் செய்து பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.