மூடியவர்களின் கணக்கு

வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் இரு அணியாகிவிடுவர். ஒரு சாராருக்கு அது ஞானாலயம். மறு சாராருக்கு மதமாற்றப் பட்டறை. பின்னவர்களின் அளவுகோலும் அதனை இழுத்து மூடியவர்களின் அளவுகோலும் ஒன்றே என்பது ஒரு வேடிக்கை. இரு தரப்பும் எண்ணியது தலைகளைத்தான்.

1823 இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய கலாசாலை அது. டானியல் பூவர் முதல் அதிபர். ஆங்கிலத்தோடு தமிழிலக்கியம், கணிதம், வானியல் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. அவருக்குப் பின் வந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1854 இல் வெளியிட்டார். ஊழியம் செய்ய வந்த பாதிரியார் சித்தாந்த சாத்திரத்தில் மூழ்கினார் என்றால், அந்த இடத்தில் கல்வி ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை என்றுதானே பொருள்?

1855 இல் அமெரிக்காவிலிருந்து ரூபஸ் அண்டர்சன் வந்தார். மாணவர்கள் ஆங்கிலம் கற்று அரசாங்க உத்தியோகம் தேடிப் போகின்றனர், போதகராவோர் குறைவு. கதவு அடைக்கப்பட்டது.

சரியாக இரண்டே ஆண்டுகள். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்தவர்கள் கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் இந்தச் செமினரியின் மாணவர்கள். சைவத்துக்குத் திரும்பிய தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். இவரை மிஷனாரின் கணக்கில் வரவு என்பதா, செலவு என்பதா?

தீவகத்துக்கும் இதில் பங்குண்டு. காரைநகரிலிருந்து பொன்னாலைத் தாம்போதியைக் கடந்தால் வட்டுக்கோட்டை தொலைவில் இல்லை. செமினரி இருந்த அதே ஊரில் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அங்கே கணிதம் கற்பித்த ஆலன் ஆபிரகாம் காரைநகரார், 1910 இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது அதைப் பற்றித் தமிழில் எழுதியவர், கவிஞருங்கூட. அவர் பெயரை இன்று தீவகத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

அறியாமைக்குப் பிள்ளைகளைக் குறைகூற முடியாது. 1990களின் இடப்பெயர்வில் தீவுப்பகுதி வீடுகளோடு புத்தகங்களும் பத்திரங்களும் போயின. யாழ் நூலகம் எரிந்தது 1981 இல். அமெரிக்க மிஷனின் கடிதங்களோ ஹார்வர்டில் பத்திரமாக உள்ளன. அவை மிஷனார் எழுதியவை, அவர்கள் கணக்கைச் சொல்பவை. நம் பக்கத்துக் கணக்கு பழைய பாடசாலை மலர்களிலும் கோயில் மலர்களிலும் கல்வெட்டுப் புத்தகங்களிலும் சிதறிக் கிடக்கிறது. நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் இத்தகையவற்றை மின்வடிவில் சேர்த்து வருகின்றனர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்ச் சங்கத்தார் அடுத்த ஒன்றுகூடலுக்கு மண்டபம் பிடிக்கும் முன்னர், உறுப்பினர் வீட்டுப் பெட்டிகளில் உள்ள மலர்களை முதலில் கேட்டு வாங்கட்டும்.