கண்ணுக்கு மறைந்தால் பொறுப்பும் மறையுமோ?

விளையாட்டு வினையாகும் என்பது அனுபவத்திற் பிறந்த மொழி. ‘டிரோன்’ என வழங்கும் ஆளில்லாச் சிறு விமானங்களைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடும் அன்பர்கள் இதனை ஒருபோதும் மறக்கலாகாது.

2025-ஆம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த பாலிசேட்ஸ் பிரதேசத்தில் பெருந்தீ மூண்டது. கனடாவின் க்யூபெக் மாகாண சர்க்காருக்குரிய விமானங்கள் கடல் நீரை முகந்து தீயின்மீது சொரிந்துகொண்டிருந்தன. அவற்றின் பாதையில் வேறெதுவும் குறுக்கிடாதபடி அங்கே பறப்பதற்குத் தடையும் விதிக்கப்பட்டிருந்தது. 9-ந் தேதி, சான்டா மோனிகாவில் மோட்டார்கள் நிறுத்தும் கட்டிடமொன்றின் உச்சியிலிருந்து ஒருவர் தமது டிரோனைத் தீயின் திக்கில் ஏவினார். சேதத்தைப் பார்க்கவேண்டுமென்ற ஆவலன்றி அவருக்கு வேறு எண்ணமில்லை. 2,500 மீட்டருக்கு மேற் சென்ற யந்திரம் அவர் கண்ணுக்கு மறைந்து, தீயணைக்கும் விமானமொன்றில் மோதி, அதன் இறக்கையைத் துளைத்தது. விமானத்திலிருந்த இருவரும் சேமமாகத் தரையிறங்கினர். ஆயினும், ஒவ்வொரு விமானமும் இன்றியமையாதிருந்த அந்த வேளையில், அவ்விமானம் சில நாட்கள் பயனற்றுக் கிடந்தது. டிரோனை ஏவியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 65,000 டாலர் ஈடு செய்யவும், 150 மணி நேரம் பொதுத் தொண்டு புரியவும் உடன்பட்டார்.

இதற்கு முன்னரும் இத்தகைய விபரீதம் நேர்ந்ததுண்டு. 2017-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி நியூயார்க்கில், ஏவியவரிடமிருந்து சுமார் இரண்டரை மைல் தூரத்தில், ஒரு டிரோன் ராணுவ ஹெலிகாப்டருடன் மோதிற்று. அன்று அங்கே பறக்கத் தடையிருந்ததை அவர் அறியார். கைக்கருவியிலுள்ள செயலி எச்சரிக்கும் என்று நம்பியிருந்தார்; அது எச்சரிக்கவில்லை. விசாரணை அதிகாரிகள் தேடிவந்து சொல்லும் வரையில், மோதல் நேர்ந்ததே அவருக்குத் தெரியாது! அறியாமையினும் பெரிய ஆபத்து வேறுண்டோ?

“திரையில் எல்லாம் தெரிகிறதே!” என்பார் சிலர். திரையில் தெரிவது டிரோனின் காமிரா நோக்கும் ஒரு திக்கு மட்டுமே. பக்கத்திலும் பின்னும் மேலும் வருவதை அது காட்டாது. கட்டிடமோ குன்றோ இடையில் வந்தால் ரேடியோத் தொடர்பும் அறும். தொடர்பு அற்றபின் அந்த யந்திரத்திற்கு யஜமானன் யார்?

பொழுதுபோக்காக ஏவுவோர் தம் கண்பார்வையில், அல்லது அருகில் நிற்கும் துணைவரின் பார்வையில், யந்திரத்தை வைத்திருக்க வேண்டுமென்பது அமெரிக்கச் சட்டம். ஆனால் ஆகாயமெங்கும் போலீஸ்காரரை நிறுத்திவைக்க எந்த சர்க்காராலும் இயலாது. மோட்டாரை அஜாக்கிரதையாக ஓட்டுகிறவன் தன் உயிரையும் பணயம் வைக்கிறான். டிரோனை ஏவுகிறவனோ தரையில் சுகமாக நிற்கிறான். பணயமாவது பிறர் உயிர். ஆகவே சட்டத்தைக் காட்டிலும் மனச்சாட்சியே இங்கு முதற் காவலாக வேண்டும்.

உரிய அனுமதியும் சாதனங்களும் பெற்று, தொலைதூரத்திற்கு மருந்து கொண்டுசெல்வது முதலிய காரியங்களை நாம் குறை கூறவில்லை. அவை வேறு, வேடிக்கை வேறு. வேடிக்கைக்காகப் பறக்கவிடுவோர், அவ்விடத்தில் அன்றைக்குத் தடையுண்டா என்பதைத் தாமே விசாரித்தறிய வேண்டும். திரையைப் பார்ப்பவர், வானத்தைப் பார்க்க ஒரு துணைவரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தின் ஓசை கேட்டவுடன் தம் யந்திரத்தைக் கீழிறக்க வேண்டும். பிடிதவறிப் போய்விட்டால் ஒளிக்காமல் உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

யந்திரம் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் செய்தவன் அளந்து சொல்லிவிடுவான். எவ்வளவு தூரம் போகவிடலாம் என்பதை ஏவுகிறவனே தீர்மானிக்க வேண்டும். கண் எட்டும் எல்லையே அவனுக்கு வேலி. அதைத் தாண்டாதிருப்பதே ஆண்மைக்கும் அறிவுக்கும் அழகு.